கலாசாலைப் பந்தயங்களும் கூட்டத்தின் நடத்தையும்

படித்தவர்கள் கூடுமிடத்தில் ஒழுங்கு இருக்குமென்றும், படியாதவர்கள் கூடுமிடத்தில்தான் கலகமும் கூச்சலும் இருக்குமென்றும் ஓர் எண்ணம் நமது ஜனங்களிடையே வெகு காலமாக இருந்து வருகின்றது. இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியென்று பார்க்க வேண்டுமானால் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சர்வகலாசாலைகளின் பேரால் நடக்கும் பந்தயங்களைச் சற்றுக் கவனித்தாலே போதுமானதாகும்.

அந்நாட்டில் கலாசாலைப் பந்தயமென்பது பிள்ளைகள் மாலை வேளையில் ஓடிப் பிடித்து விளையாடும் காரியமல்ல. ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய மைதானங்கள் பல சர்வகலாசாலைகளுக்குச் சொந்தமாக இருக்கின்றன. மிச்சிகன் சர்வகலாசாலை மைதானத்தில் மட்டும் 1,07,000 பேருக்கு மேல் உட்காரலாம். அங்கே நடக்கும் ஆட்டத்திற்கு அவர்கள் புட்பால் என்று பெயர் வைத்திருந்தாலும், காலால் உதைப்பது சொற்பம். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவதும், ஓடுகின்றவனை மேலே விழுந்து சாய்ப்பதுமே அதிகம். இந்த ஆட்டத்தைப் பார்க்க வருகின்றவர்களில் பெரும்பாலோர் அந்தக் கலாசாலையில் படிக்கின்றவர்களும், படித்து முடித்துப் பட்டம் பெற்றவர்களும், அவர்களுடைய குடும்பத்தாருமே ஆவார்கள். இப்படிப்பட்ட படித்த கூட்டத்தை அடக்கி ஒழுங்குபடுத்துவதற்கு இன்று லட்சக்கணக்கான டாலர் அபராதமும், படம் பிடிக்கும் கருவிகளும் வேண்டியிருக்கின்றனவென்றால், படிப்பு வேறு, பகுத்தறிவு வேறு என்று நாம் சொல்லிவருவதற்கு இதைவிட வேறென்ன ருசு வேண்டும் என்று கேட்கின்றோம்.

நிற்க, நடப்பதென்ன என்பதை முதலில் சொல்லுவோம். தங்கள் கலாசாலை ஒரு பெரிய கட்சியை ஜெயித்துவிட்டால், பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் வேலியைத் தாண்டி மைதானத்திற்குள் பாய்வது அங்கே ஒரு வழக்கம். 2022ம் வருஷம் அக்டோபர் 15ந் தேதி டென்னஸி சர்வகலாசாலை அலபாமாவை 52-க்கு 49 என்று ஜெயித்தவுடன் கூட்டம் உள்ளே புகுந்து கோல் கம்பங்களைப் பிடுங்கி, ஊருக்குள் தூக்கிச் சென்று ஆற்றிலே போட்டது. 2024ம் வருஷம் அக்டோபர் 5ந் தேதி வாண்டர்பில்ட் சர்வகலாசாலை அதே அலபாமாவை 40-க்கு 35 என்று ஜெயித்தபோதும் அப்படியே கம்பத்தைப் பிடுங்கி நாஷ்வில் நகரத் தெருக்களின் வழியாகச் சுமார் மூன்று மைல் தூரம் சுமந்துகொண்டு போய் கம்பர்லண்ட் ஆற்றில் தள்ளினார்கள்.

இதில் என்ன கெடுதி, வாலிபர்களின் சந்தோஷந்தானே என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். நாம் சந்தோஷத்திற்கு விரோதிகளல்ல. மனிதன் சிரிக்கவும், குதிக்கவும், கூடிக் களிக்கவும் வேண்டுமென்பதில் நமக்கு எவ்வித ஆட்சேபணையுமில்லை. ஆனால் ஒருவனுடைய சந்தோஷம் மற்றொருவனுடைய எலும்பை முறிக்குமானால் அதற்குச் சந்தோஷமென்று பெயரிடுவது நியாயமாகாது.

1993ம் வருஷம் அக்டோபர் 30ந் தேதி விஸ்கான்ஸின் சர்வகலாசாலை மிச்சிகனை ஜெயித்தபோது மாணவர்கள் மைதானத்துக்குள் இறங்க நெருக்கியதில், முன்னால் இருந்தவர்கள் இரும்புக் கம்பிகளின் மேல் நசுங்கி, எழுபது பேருக்கு மேல் காயமடைந்தார்கள். ஜெயித்த ஆட்டக்காரர்களே ஓடிவந்து மூச்சற்றுக் கிடந்தவர்களை இழுத்து வெளியே போட வேண்டியதாயிற்று. 2001ம் வருஷம் பால் ஸ்டேட் சர்வகலாசாலையில் கூட்டம் சாய்த்த கோல் கம்பம் ஒரு மாணவர் மேல் விழுந்து, அவர் இடுப்புக்குக் கீழே அசைவற்றவரானார். 2024ம் வருஷம் பிப்ரவரி 24ந் தேதி வேக் பாரஸ்ட் சர்வகலாசாலையில் கூடைப்பந்து முடிந்தவுடன் கூட்டம் பாய்ந்ததில், தோற்ற ட்யூக் கட்சியின் ஆட்டக்காரர் கைல் பிலிபௌஸ்கி முழங்காலில் அடிபட்டு, தோழர்கள் தாங்கிப் பிடித்து வெளியே கொண்டு போகப்பட்டார். அவர் செய்த குற்றமென்ன? தோற்றுவிட்டு வீட்டுக்குப் போக எத்தனித்தது ஒன்றுதான்!

இவற்றைத் தடுக்கச் செய்யப்பட்டிருக்கும் விதிகளைப் பார்ப்போம். சௌத் ஈஸ்டர்ன் கான்பரன்ஸ் என்று தென்கிழக்கு ராஜ்யங்களின் சர்வகலாசாலைகள் சேர்ந்த ஒரு பந்தயச் சங்கம் இருக்கின்றது. அச்சங்கம் 2004ம் வருஷத்தில், கூட்டம் மைதானத்தில் புகுந்தால் அந்தக் கலாசாலைக்கு முதல் தடவை 5,000 டாலரும், இரண்டாந் தடவை 25,000 டாலரும், அதற்கு மேல் 50,000 டாலரும் அபராதமென்று விதித்தது. கூட்டம் நிற்கவில்லை. 2015ல் அது 50,000, ஒரு லட்சம், இரண்டரை லட்சம் என்று உயர்த்தப்பட்டது. கூட்டம் நிற்கவில்லை. 2023ல் ஒரு லட்சம், இரண்டரை லட்சம், ஐந்து லட்சம் என்று மறுபடியும் உயர்த்தப்பட்டு, சங்கப் பந்தயமானால் அப்பணம் எதிர்க்கட்சிக் கலாசாலைக்கே போக வேண்டுமென்று ஏற்பாடாயிற்று. அப்பொழுதும் நிற்கவில்லை. 2025ல் முதல் தடவையென்றும் மறு தடவையென்றும் பார்க்காமல் ஒவ்வொரு தடவைக்கும் ஐந்து லட்சம் டாலர் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

இருபது வருஷத்தில் முதல் அபராதம் நூறு மடங்கு உயர்ந்திருக்கின்றது. நடத்தை மட்டும் உயரவில்லை. இதற்குக் காரணமென்ன என்று யோசித்தால் விஷயம் வெளிப்படையாகவே இருக்கின்றது. குற்றம் செய்கின்றவன் ஒருவன், அபராதம் கொடுப்பவன் மற்றொருவன்! கம்பத்தைப் பிடுங்கினவன் அன்றிரவு வீட்டுக்குப் போய்ச் சுகமாகத் தூங்குகின்றான். சர்வகலாசாலை பணம் கட்டுகின்றது. சர்வகலாசாலைக்காவது அது உறைக்கின்றதா என்றால் அதுவுமில்லை. டென்னஸியில் புதுக் கம்பம் வாங்கவேண்டுமென்று சர்வகலாசாலையார் பொதுஜனங்களிடம் நன்கொடை கேட்டார்கள். ஒரு லட்சம் டாலருக்கு மேலேயே வசூலாயிற்று. வாண்டர்பில்ட்டில் ஆற்றில் போட்ட கம்பத்தை எடுத்துத் துண்டு துண்டாக அறுத்து ஞாபகச் சின்னமென்று விலைக்கு விற்றார்கள். அபராதம் போட்டது ஒரு லட்சம்; கிடைத்த விளம்பரமோ நாடு பூராவும்! பாவத்தைச் செய்துவிட்டுப் புரோகிதனுக்குத் தக்ஷணை கொடுத்துப் பரிகாரம் செய்து கொண்டால் கணக்குத் தீர்ந்துபோகுமென்று நம் நாட்டில் நம்புவதற்கும், இதற்கும் என்ன வித்தியாசம்? பணம் கொடுத்துத் தீர்த்துவிடக்கூடிய குற்றம் பணக்காரனுக்குக் குற்றமே அல்ல; அது அவனுக்கு ஒரு டிக்கெட்டு விலைதான்.

ஆனால் 2025ம் வருஷத்து விதியில் பாராட்டத்தக்க ஓர் அம்சமும் இருப்பதை நாம் மறைக்கக்கூடாது. வந்த கட்சி ஆட்டக்காரர்களும் நடுவர்களும் பத்திரமாக உள்ளே போய்ச் சேர்ந்த பின் கூட்டம் இறங்கியிருக்குமானால் அபராதத்தைத் தள்ளிவிடலாமென்று அதில் கண்டிருக்கின்றது. இதுதான் அறிவுள்ள விதி. "இறங்காதே" என்று மட்டும் சொல்லாமல், "ஏன் இறங்கக்கூடாது" என்பதை விதியே எடுத்துச் சொல்லுகின்றது. காரணம் தெரிந்த கட்டளைக்கு மானமுள்ள மனிதன் கீழ்ப்படிவான். காரணம் சொல்லாத கட்டளைக்குத் தடிக்குப் பயந்தவன் மட்டுமே கீழ்ப்படிவான். விருந்தாளி போய்ச் சேரக் கால்மணி நேரம் பொறுத்திருந்து பிறகு ஆடிப்பாடுங்கள் என்றால், எந்த வாலிபனுடைய சந்தோஷம் குறைந்துபோய்விடும்?

அடுத்தபடியாக, எறிகின்ற விஷயம். 2021ம் வருஷம் அக்டோபரில் டென்னஸி மைதானத்தில் நடுவர் தீர்ப்புப் பிடிக்காமல் பாட்டில்களையும் குப்பைகளையும், ஒரு கோல்ப் பந்தையுங்கூட எறிந்ததில் ஆட்டம் சுமார் இருபது நிமிஷம் நின்றுபோய், கலாசாலைக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதமாயிற்று. 2024ம் வருஷம் அக்டோபர் 19ந் தேதி டெக்ஸாஸ் சர்வகலாசாலைக்கும் ஜார்ஜியாவுக்கும் நடந்த பந்தயத்தில் இதைவிட விசேஷமான சம்பவம் ஒன்று நடந்தது. நடுவர்கள் டெக்ஸாஸ் கட்சிக்கு விரோதமாக ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். உடனே பாட்டில்கள் பறந்தன. மைதானத்தைக் கூட்டிச் சுத்தம் செய்வதற்காக ஆட்டம் நின்றது. அந்த இடைவேளையில் நடுவர்கள் கூடிப் பேசித் தங்கள் தீர்ப்பை மாற்றிக்கொண்டார்கள்!

மாற்றிய தீர்ப்பு நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் அன்று அங்கே இருந்தவர்கள் கற்றுக்கொண்ட பாடம் என்ன? வாதத்தால் ஆகாதது பாட்டிலால் ஆகும் என்பதல்லவா? டெக்ஸாஸ் முடிவில் 30-க்கு 15 என்று தோற்றுப்போனது வேறு விஷயம். நியாயஸ்தலத்தில் கல்லெறிந்தவனுக்குத் தீர்ப்பு மாறினது போல் ஒரு தடவை தோன்றிவிட்டால், மறுநாள் ஒவ்வொருவனும் மடியில் கல்லோடு வருவான். இச்சம்பவத்தில் சங்கத்தார் இரண்டரை லட்சம் டாலர் அபராதம் போட்டதோடு நிற்காமல், மைதானத்திலும் டெலிவிஷனிலும் எடுத்த படங்களைப் பார்த்து எறிந்த ஆட்களைக் கண்டுபிடித்து, அவர்களை வருஷ முடிவுவரை பந்தயங்களுக்கு வரவிடாமல் தடுக்க வேண்டுமென்றும் உத்தரவிட்டார்கள். இதுவே சரியான வழி என்பது நமது அபிப்பிராயம். எறிந்த கையைப் பிடிக்க வேண்டுமேயொழிய, எறியாத ஆயிரக்கணக்கானவர்களின் பேரால் காசு வசூலிப்பதால் யாருக்கும் புத்தி வராது.

இங்கே சர்வகலாசாலை அதிகாரிகளையும் ஒரு கேள்வி கேட்காமலிருக்க முடியவில்லை. இதே சங்கம் பொது வரிசைகளில் மதுபானம் விற்கக்கூடாதென்று வைத்திருந்த தடையை 2019ம் வருஷம் ஆகஸ்டு முதல் எடுத்துவிட்டு, விற்பதும் விற்காததும் அந்தந்தக் கலாசாலையின் இஷ்டம் என்று ஆக்கிவிட்டது. ஒரு கையால் குடியை விற்றுப் பணம் வாங்குவது, மற்றொரு கையால் ஒழுக்க விதிகளை அச்சடித்து ஒட்டுவது என்றால் இதில் எந்தக் கையை ஜனங்கள் நம்புவது? விதியைச் செய்கின்றவன் அவ்விதியால் தனக்கு வரும் நஷ்டத்தையும் ஏற்கத் தயாராயிருக்க வேண்டாமா?

இனி, வாயால் செய்யும் அக்கிரமத்தைப் பற்றிப் பேசுவோம். யூட்டா ராஜ்யத்தில் மார்மன் என்னும் மதத்தாரால் நடத்தப்படும் பிரிகாம் யங் சர்வகலாசாலை ஒன்று இருக்கின்றது. 2022ம் வருஷம் செப்டம்பரில் ஓரிகன் சர்வகலாசாலையில் அக்கட்சி ஆடப்போனபோது, மாணவர் கூட்டத்தில் ஒரு பகுதியார் மார்மன்களைக் கேவலமான வார்த்தையால் திட்டிக் கோஷமிட்டார்கள்; சர்வகலாசாலையார் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். 2025ம் வருஷம் செப்டம்பர் 27ந் தேதி கொலராடோவிலும் அவ்விதமே நடந்து, பிக் டுவெல்வ் என்னும் சங்கம் கொலராடோவுக்கு 50,000 டாலர் அபராதம் விதித்தது.

மதங்களைக் கண்டிப்பதில் நாம் யாருக்கும் பின்வாங்கினவர்களல்ல. மார்மன் மதத்திலுள்ள கதைகளும் நம் புராணக் கதைகளுக்கு இளைத்தவையல்ல என்பதையும் சொல்லத் தயங்கமாட்டோம். ஆனால் ஒரு மதத்தின் கொள்கையை எடுத்துக் காட்டி, இது ஏன் பொய், இதனால் யாருக்குக் கெடுதி என்று வாதிப்பது வேறு; பந்து விளையாட வந்த பையனை, அவன் பிறந்த வீட்டின் மதத்தைச் சொல்லி ஆயிரம் வாய்கள் கூடித் திட்டுவது வேறு. முன்னது அறிவுப் பிரசாரம். பின்னது பிறவியைச் சொல்லி இழிவு செய்வது. இந்த இரண்டாவது காரியத்தின் ருசி எப்படியிருக்குமென்று நம் நாட்டில் தாழ்த்தப்பட்டவனைக் கேட்டால் சொல்லுவான். அன்றியும், அக்கூட்டத்தாரின் அறிவுக்கு ஓர் அளவுகோல் சொல்லுவோம்: 2024ம் வருஷத்தில் அந்த மார்மன் கலாசாலைக் கட்சியை நடத்திய முக்கிய ஆட்டக்காரர் ஜேக் ரெட்ஸ்லாப் என்பவர் யூத மதத்தைச் சேர்ந்தவர். சட்டையின் நிறத்தைப் பார்த்து மதத்தைத் திட்டுகின்றவனுக்கும், நெற்றியைப் பார்த்து மரியாதை செய்கின்றவனுக்கும் புத்தியில் என்ன தாரதம்மியம் இருக்கின்றது?

ஆனால் வாய்ப்பேச்சைச் சட்டத்தால் அடக்குவதில் ஒரு கஷ்டமும் இருக்கின்றது. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்நாட்டு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் பேச்சு சுதந்திரத்தைக் காப்பாற்றுகின்றது. ராஜ்யப் பணத்தில் நடக்கும் சர்வகலாசாலைகளும் அதற்குக் கட்டுப்பட்டவை. கட்டாய ராணுவச் சேவையைக் கண்டித்து ஆபாச வார்த்தை எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக் கட்டடத்துக்குள் நடந்த ஒருவரைத் தண்டித்தது செல்லாதென்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு 1971ம் வருஷத்திலேயே தீர்ப்புச் செய்திருக்கின்றது. பேச்சு சுதந்திரம் இல்லாமற்போனால் முதலில் வாய் மூடப்படுகின்றவர்கள் நம்மைப் போன்றவர்களே. ஆகவே, பிடிக்காத வார்த்தையையெல்லாம் தண்டிக்க அதிகாரிக்கு அதிகாரம் கொடுங்கள் என்று நாம் ஒருநாளும் சொல்லமாட்டோம். எறிவதையும், அடிப்பதையும், பாய்வதையும், பயமுறுத்துவதையும் சட்டம் தண்டிக்கட்டும். வெறும் கேவலமான பேச்சை மாணவர்களே தங்களுக்குள் வெட்கப்படுத்தி நிறுத்த வேண்டும். பக்கத்தில் இருப்பவன் ஒருவன் "இது நமக்குக் கேவலம்" என்று சொல்லத் துணிவானானால், அது பத்துப் போலீஸ்காரருக்குச் சமானமாகும்.

விதியை அமுல் செய்கின்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேலே சொன்ன பிரிகாம் யங் சர்வகலாசாலையிலேயே 2022ம் வருஷம் ஆகஸ்டு 26ந் தேதி நடந்த வாலிபால் பந்தயத்தில், ட்யூக் கட்சியின் கறுப்பு இனப் பெண் ஒருவரை இன இழிவுச் சொல்லால் திட்டினார்கள் என்று புகார் வந்தது. சர்வகலாசாலையார் உடனே ஒருவரை மைதானத்துக்கு வரக்கூடாதென்று தடுத்துவிட்டார்கள். பிறகு படங்களையும் ஒலிப்பதிவுகளையும் சோதித்து, ஐம்பது பேருக்கு மேல் விசாரித்து, புகாருக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று செப்டம்பரில் தெரிவித்துத் தடையை நீக்கி, அவரிடம் மன்னிப்பும் கேட்டார்கள். புகார் சொன்னவரைப் பொய்யர் என்று சொல்ல இதில் இடமில்லை. பெரிய கூச்சலில் ஒருவர் காதில் விழுவது மற்றொருவர் காதில் விழாமலிருக்கலாம். புகார் வந்தவுடன் விசாரித்ததும், தவறினால் ஒப்புக்கொண்டதும் யோக்கியமான காரியங்களே. ஆனால் விசாரணை முன்னும் தண்டனை பின்னுமாக இருக்க வேண்டும். ருசு இல்லாமல் கடவுளையே ஒப்புக்கொள்ள மறுக்கின்ற நாம், ருசு இல்லாமல் ஒரு மனிதனைக் குற்றவாளியென்று எப்படி ஒப்புக்கொள்ளுவது?

மற்றொரு சம்பவமும் கவனிக்கத்தக்கது. 2014ம் வருஷம் பிப்ரவரியில் டெக்ஸாஸ் டெக் மைதானத்தில், ஓக்லஹோமா ஸ்டேட் கட்சியின் மார்க்கஸ் ஸ்மார்ட் என்னும் வாலிபர் வரிசையோரம் விழுந்தபோது பார்வையாளர் ஒருவர் அவரை இழிவாகப் பேச, அவர் எழுந்து அந்த ஆளைத் தள்ளிவிட்டார். ஆட்டக்காரருக்கு மூன்று பந்தயம் தடை விதிக்கப்பட்டது. பார்வையாளரோ மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்த வருஷம் இனி வருவதில்லை என்று தாமாகவே ஒதுங்கிக்கொண்டார். தள்ளியது தப்பு என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குத் தண்டனை, அவனைச் சீண்டின பெரியவருக்குத் தம் இஷ்டம் என்றால் இது என்ன தராசு? டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் ஆட்டத்தைப் பார்க்கக் கொடுத்த பணமேயொழிய, ஆடுகின்றவனுடைய மானத்தை விலைக்கு வாங்கக் கொடுத்த பணமல்ல.

ஆகவே இவ்விஷயத்தில் நாம் சொல்லுவது இதுதான். விதி சொற்பமாகவும் காரணத்தோடும் இருக்கட்டும். அது டிக்கெட்டிலும் வாசலிலும் எல்லோருக்கும் தெரியும்படி எழுதப்படட்டும். தண்டனை செய்தவனைச் சேரட்டும். கடைசி வரிசை மாணவனுக்கும், லட்சக்கணக்கில் நன்கொடை கொடுத்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கனவானுக்கும் ஒரே தண்டனையாக இருக்கட்டும். ருசு இல்லாமல் யாரும் தண்டிக்கப்படாதிருக்கட்டும். தண்டிக்கப்பட்டவன் தன் சமாதானத்தைச் சொல்லிக்கொள்ள இடமிருக்கட்டும். கூட்டத்தை உயர்ந்த வேலி போட்டு அடைக்க நினைக்க வேண்டாம். 1989ம் வருஷம் இங்கிலாந்தில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் அப்படிப்பட்ட வேலியில் நசுங்கியதன் பயனாக 97 பேர் இறந்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. வேலிக்குப் பதிலாக வழி விடுங்கள்; வந்தவர்களை முதலில் பத்திரமாக அனுப்புங்கள்; பிறகு சொந்த ஊர்க்காரர்கள் தாராளமாகக் கொண்டாடட்டும்.

கடைசியாக ஒன்று. எங்கேயோ அமெரிக்காவில் நடக்கும் பந்தாட்டத்தைப் பற்றி நமக்கென்ன என்று தோழர்கள் நினைக்க வேண்டாம். நாலு வருஷத்துக்கு முன் வேறொரு கலாசாலையில் இடம் கிடைத்திருந்தால் அந்த நிறத்துக்காகக் கத்தியிருப்பவன், இன்று இந்த நிறத்துக்காக மற்றவன் மண்டையை உடைக்கத் தயாராயிருக்கின்றான். தற்செயலாக நேர்ந்ததொன்றைத் தன் பெருமையென்று நினைப்பதும், அதே தற்செயலால் வேறிடத்தில் நின்றவனை எதிரியென்று நினைப்பதுமே எல்லாக் கூட்ட வெறிக்கும் வேர். அது மைதானத்தில் முளைத்தாலென்ன, தேர்முட்டியில் முளைத்தாலென்ன, செடி ஒன்றே. கூட்டத்துக்குள் நிற்கும்போதும் தான் ஒரு தனி மனிதன், தன் கைக்கும் வாய்க்கும் தானே ஜவாப்தாரி என்று நினைக்கின்றவன்தான் படித்தவன். மூன்று மணி நேர ஆட்டத்துக்குள் அந்த நினைவை இழந்துவிடுகின்றவனுக்குப் பட்டம் கொடுப்பதால் காகிதத்துக்குத்தான் நஷ்டம். சர்வகலாசாலைகள் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுப்பதற்குச் செலவு செய்வதில் நூற்றிலொரு பங்கையாவது இந்த ஒரு பாடத்தைக் கற்றுக்கொடுப்பதற்குச் செலவு செய்யட்டும் என்பதே நமது வேண்டுகோள்.